பண்ணைப்புரத்துச் சகோதரர்கள்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கூட்டாகப் பாடுவதென்றால் முதலில் நினைவுக்கு வருவது வில்லுப்பாட்டுத்தான். கோயில் கொடை நாள்களில் தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி ஓர் அடியைப் பாடுவார். குடமும் உடுக்கும் தாளமும் ஏந்தியவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவர். எங்கள் தெருக் கொடைக்கு வந்த குழுவில் மூவர் ஒரே வீட்டார். தலைவர் எங்கே நிறுத்துவார், எங்கே திரும்புவார் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்தவர்களுக்கு வாய்க்கும் ஒற்றுமை அது போலும் என்று சிறுவனாகிய நான் எண்ணிக்கொண்டேன்.

1976ஆம் ஆண்டு ஆடிக் கொடையில், வில்லுப்பாட்டு ஓய்ந்த இடைவேளைகளில், ஒலிபெருக்கி ஓயாமல் முழங்கியது ‘அன்னக்கிளி’ படப் பாடல்களை. அவற்றைப் பாடிய எஸ். ஜானகியின் குரல் எங்களுக்குப் பழக்கமானதே. எங்கள் பக்கத்தூர்க்காரரான காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் 1962லேயே இழைந்த குரல் அன்றோ அது! இசையமைத்தவரின் பெயர்தான் புதிது. இளையராஜா என்றார்கள். யாரோ ஒரு புதியவர் திடீரென வானத்திலிருந்து குதித்துவிட்டார் என்றே ஊரில் பலரும் பேசினர்.

அது பிழை. அவர் அதற்கு முன்பே பத்தாண்டுகளுக்கு மேல் மேடையில் வாழ்ந்தவர். அதுவும் தனியாக அன்று, உடன்பிறந்தாரோடு. அக்குழுவின் பெயர் ‘பாவலர் பிரதர்ஸ்’. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரம் அவர்கள் ஊர். தலைவர் பாவலர் வரதராசன். தந்தை வழியில் மூத்த அண்ணன். பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய மூவரும் தம்பியர். ராசையாதான் பின்னாளில் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். மக்கள் நாவில் நடமாடிய மெட்டுகளை எடுத்து, அவற்றில் கூலியையும் பசியையும் பற்றிய சொற்களை ஏற்றிப் பாடுவார். பண்ணைப்புரத்திற்கு மேற்கே மலையேறினால் கேரளத்துத் தேவிகுளம். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். 1957இல் அத்தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவைக்கு அது மானப் பிரச்சினை. அந்தத் தேர்தலில் வரதராசன் பாடித் திரிந்தார்; ரோசம்மா மீண்டும் வென்றார்.

ஏறத்தாழ அதே காலத்தில், தம் பதினான்காம் வயதில், ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். குரல் உடையாத பருவமாதலின் பெண்குரலில் பாடும் பொறுப்பு அவருக்கு வந்தது. குரல் முற்றியதும் அந்தப் பொறுப்பு இளையவர் அமரனிடம் போயிற்று; ராசையா வாத்தியத்தின் பக்கம் நகர்ந்தார். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்தவர்கள் திறந்த வெளியில் நிற்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லை, ஆகவே எழுந்து போகவும் தடையில்லை. முதலடியிலேயே பாட்டு நெஞ்சில் ஒட்டாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். இதைவிடக் கண்டிப்பான பரீட்சையை எந்தச் சங்கீதக் கல்லூரி வைக்கப்போகிறது? ‘அன்னக்கிளி’யின் மெட்டுகள் கேட்டவுடன் வாயில் வந்து அமர்ந்ததற்கு இந்த மேடையே காரணம் என்பது என் கருத்து.

நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததே இளையராஜாவின் முதல் இசையமைப்பு. 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகப் பயிலத் தொடங்கினார். ராசையாவை ‘ராஜா’வாக்கியவர் அந்த ஆசிரியர்; ‘இளைய’ என்பதை முன்னே சேர்த்தவர் பஞ்சு அருணாசலம்.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பாலும் உடன்பிறந்தார் குழுக்கள் எழுந்தன. கிப் சகோதரர் மூவர் 1958இல் பெற்றோருடன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குக் குடியேறியவர்கள்; ‘பீ ஜீஸ்’ என்ற பெயரில் 1977இல் டிஸ்கோ இசையின் உச்சியில் நின்றார்கள். டிஸ்கோ என்பது ஒவ்வோர் அடிக்கும் பெருமுரசு தவறாமல் விழும் நாலடித் தாளம். ஆடுவோரின் கால்களுக்கென்றே அமைந்தது. அமெரிக்காவில் ஜாக்சன் சகோதரர் ஐவர் 1969இல் புகழ்பெற்றனர். 1975இல் இசைத்தட்டு நிறுவனம் மாறியபோது ஜெர்மைன் மட்டும் பழைய நிறுவனத்திலேயே தங்கிவிட்டார். பின்னர் இளையவர் மைக்கேலின் புகழில் மற்றவர்கள் மங்கினர். டிஸ்கோ அலை இங்கும் வந்தது. 1982இல் ‘சகலகலா வல்லவன்’ படத்திற்கு இளையராஜா அமைத்த புத்தாண்டுப் பாட்டில் அதன் துள்ளலைக் கேட்கலாம்.

பண்ணைப்புரத்துக் குழு கலைந்தவிதம் வேறு. வரதராசன் 1973இல் காலமானார். ‘அன்னக்கிளி’ வெளிவர இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. ஆர்மோனியமும் மேடையும் தந்து தம்பியரை வளர்த்தவர், அவர்களுடைய பாட்டு ஊர்தோறும் ஒலித்ததைக் கேட்கவில்லை. குழு முறிந்ததென்றாலும் வேலைப் பங்கீடு வேறு உருவில் தொடர்ந்தது. ஒருவர் இசையமைத்தார். 1977இல் ‘16 வயதினிலே’ படத்திற்காக இன்னொருவர் எழுதிய பாட்டைப் பாடி எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார். பாஸ்கர் படத் தயாரிப்பில் இறங்கினார்.

1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தை அம்பாசமுத்திரத்துக் கொட்டகையில் பார்த்தேன். தயாரிப்பு பாஸ்கர் என்றும், நிறுவனம் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்றும் திரையில் எழுத்து ஓடியது. அருகிலிருந்த என் மாமா, “பாவலர் என்பது யாரப்பா?” என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கை அவருக்கு. எனக்கு அன்று தெரியவில்லை. ஏதோ ஒரு பழைய புலவராக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.