ஒளித்து வைத்த கேமரா!



வீட்டில் பிறந்த நாள் விழா என்றால் என்ன செய்கிறீர்கள்? அப்பாவின் செல்போனை எடுத்து, 'கிளிக்... கிளிக்...' என்று 50 படம் எடுத்துத் தள்ளுகிறீர்கள். நன்றாக இல்லாததை உடனே அழித்து விடுகிறீர்கள்.

உங்கள் அப்பா, அம்மா சிறுவர்களாக இருந்தபோது இது முடியாது. கேமராவுக்குள் ஃபிலிம் சுருள் போட வேண்டும். ஒரு சுருளில் 36 படம்தான். எண்ணி எண்ணி எடுப்பார்கள். பிறகு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, பிரிண்ட் வரும் வரை காத்திருப்பார்கள். யார் கண்ணை மூடிக்கொண்டார் என்பதே அப்போதுதான் தெரியும்!

அந்த ஃபிலிமை மஞ்சள் டப்பாவில் அடைத்து உலகம் முழுவதும் விற்றது, அமெரிக்காவின் கோடாக் நிறுவனம். ராஜா போல இருந்த அந்த நிறுவனம் ஏன் சரிந்தது? கேளுங்கள்.

அம்மாவின் சமையலறையில்...

ஜார்ஜ் ஈஸ்ட்மேன் 1854-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனார். பின்னர் ரோச்செஸ்டர் நகரில் ஒரு வங்கியில் குமாஸ்தா ஆனார்.

அவருக்குப் போட்டோ எடுக்க ஆசை. ஆனால், அந்தக் காலத்தில் அது லேசான வேலையா? பெரிய கேமரா, கனமான கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், கூடாரம் என்று ஒரு மூட்டையையே சுமக்க வேண்டும். தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும்!

'இதை எளிமையாக்க முடியாதா?' என்று யோசித்தார் ஈஸ்ட்மேன். பகலில் வங்கி வேலை. இரவில் அம்மாவின் சமையலறையில் ஆராய்ச்சி. முன்கூட்டியே பூசிக் காய வைத்த 'உலர் தகடு' செய்து, 1880-ல் விற்கத் தொடங்கினார். நல்ல வியாபாரம்.

அதோடு அவர் நின்று விடவில்லை. கண்ணாடி உடையும், கனக்கும். சுருட்டி வைக்கும் ஃபிலிம் வந்தால் எல்லோரும் படம் எடுக்கலாமே! தனக்குப் பணம் தந்த தகட்டைத் தானே பின்னுக்குத் தள்ளி, ஃபிலிமில் இறங்கினார். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1888-ல் கோடாக் கேமரா வந்தது. விலை 25 டாலர். உள்ளேயே 100 படத்துக்கான ஃபிலிம் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி, புது ஃபிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்! 1900-ல் ஒரு டாலருக்கு 'பிரவுனி' கேமரா வந்தது. சிறுவர்களும் படம் எடுத்தார்கள்.

'கோடாக்' என்றால் என்ன பொருள் தெரியுமா? ஒரு பொருளும் இல்லை! ஈஸ்ட்மேனுக்கு ஆங்கில எழுத்து 'கே' பிடிக்கும். அதில் தொடங்கி அதிலேயே முடியும்படி அவர் உருவாக்கிய பெயர் அது.

23 வினாடியில் ஒரு படம்!

1975-ம் ஆண்டு. கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் என்ற 25 வயது என்ஜினீயர், ஒரு விசித்திரப் பெட்டியைச் செய்தார். எடை 3.6 கிலோ. அதில் ஃபிலிமே கிடையாது! ஒளியை மின்சாரமாக மாற்றி, எண்களாக்கி, பாட்டு கேட்கும் கேசட் டேப்பில் பதிந்தது. ஒரு படம் பதிய 23 வினாடி ஆனது. கறுப்பு வெள்ளைப் படம், 10 ஆயிரம் புள்ளிகள் மட்டுமே. டி.வி. பெட்டியில்தான் பார்க்க முடியும்.

அதுதான் உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா!

சாஸன் மேலதிகாரிகளிடம் காட்டினார். அவர்களுக்கு உற்சாகம் வரவில்லை. டி.வி.யில் யார் போட்டோ பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி விட்டார்கள். 1978-ல் காப்புரிமை மட்டும் வாங்கி வைத்தார்கள்.

ஏன் அப்படி? 1976-ல் அமெரிக்காவில் விற்ற 100 ஃபிலிமில் 90 கோடாக்குடையது. ஃபிலிம், பிரிண்ட் போடும் காகிதம், கழுவும் ரசாயனம் மூன்றிலும் அவர்களுக்கு லாபம். ஃபிலிம் இல்லாத கேமரா வந்தால் மூன்றும் போய்விடுமே என்ற பயம்!

வெள்ளம் வந்தது

டிஜிட்டல் கேமரா, இந்தப் பயத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1990-களில் பல நிறுவனங்கள் அதைச் செய்யத் தொடங்கின. கோடாக்கும் பிறகு விழித்துக் கொண்டு ஏராளமான பணம் போட்டது. 2005-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடமும் பிடித்தது. ஆனால், ஃபிலிம் தந்த லாபம் அதில் கிடைக்கவில்லை. அடுத்து செல்போனிலேயே கேமரா வந்து விட்டது.

2003-க்குப் பிறகு 13 தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 47 ஆயிரம் பேர் வேலை இழந்தனர். 47 ஆயிரம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்! 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தது. காப்புரிமைகளை விற்று, கடனைக் குறைத்து, 2013-ல் சிறிய நிறுவனமாக மீண்டது. இப்போதும் சினிமாவுக்கான ஃபிலிம் தயாரிக்கிறது.

ஜப்பானின் ஃபுஜிஃபிலிமுக்கும் இதே வெள்ளம்தான். ஆனால், ஃபிலிம் செய்யக் கற்ற வித்தையை அது வேறு இடத்தில் பயன்படுத்தியது. எல்.சி.டி. டி.வி. திரைகளுக்கான மெல்லிய படலம் செய்தது. ஃபிலிமில் உள்ள கொலாஜன், நம் தோலிலும் உண்டு. அந்த அறிவைக் கொண்டு முகத்துக்குப் பூசும் கிரீம் செய்தது. மருந்துத் துறையிலும் இறங்கியது. பிழைத்துக் கொண்டது!

குழந்தைகளே, கோடாக்கில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. வருங்காலமே அவர்கள் மேஜை மேல் இருந்தது. நன்றாக விற்ற தகட்டைத் துணிந்து ஒதுக்கிய ஈஸ்ட்மேனின் மனம்தான், அவருக்குப் பின் வந்தவர்களிடம் இல்லை. நன்றாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வது நமக்கும் சுகமாகத்தான் இருக்கும். புதிது ஒன்று எதிரே வரும்போது, பயந்து அதை ஒளித்து வைக்காமல் கற்றுக் கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாத்தாவின் கறுப்பு முடி வெள்ளையாகத் தெரியும்!