கொடுமுடியின் குரல்

சோமனூரில் ரயிலேறி, ஈரோட்டில் இறங்கி, கரூர் போகும் வண்டிக்கு மாறினால் காவிரிக்கரையில் கொடுமுடி வரும். தோழர்கள் பலரும் அந்த ஊரைக் கோயிலுக்காக அறிவர். நாம் அதை ஒரு குரலுக்காக அறிவோம். 1908-இல் அங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் அது. பெயரிலுள்ள ‘பி’ தகப்பனுடையதன்று, தாய் பாலாம்பாளுடையது. வறுமை விரட்ட, ரயில் பெட்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள்.

அம்மையார் நமது முகாமைச் சேர்ந்தவரல்லர். சத்தியமூர்த்தி அழைத்துவந்த காங்கிரஸ் மேடைப் பாடகி. 1951-இல் சென்னை மேலவைக்குச் சென்றவர். முருகன் அடியார், நெற்றி நிறையத் திருநீறு. நமது ஏட்டில் அவருக்கென்ன இடம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், சொல்கிறோம்.

அந்நாளில் பாட்டுக்கும் வருணாசிரமம் வகுத்து வைத்திருந்தார்கள். உச்சியிலே சபாக் கச்சேரி. அங்கே தெலுங்குக் கீர்த்தனைக்குச் சிம்மாசனம், தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடா என்ற திண்ணை. அதற்குக் கீழே நாடகக் கொட்டகை. அடியிலே, களத்துமேட்டுத் தெம்மாங்கு. இந்தப் படிகளை ஒரே மூச்சில் ஏறி இறங்கியவர் சுந்தராம்பாள். வித்துவான் வியக்கும் ராகம் உண்டு. வண்டிக்காரன் முணுமுணுக்கும் மெட்டும் உண்டு. இரண்டும் தமிழில்! மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்தவனுக்கும் ஒரு சொல் சிதையாமல் எட்டியது. ஓடும் தறிக்கு நடுவே பக்கத்து ஆளை அழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு எத்தகைய தொண்டை வேண்டுமென்று.

மேடையில் அவர் வள்ளி. செங்கோட்டை கிட்டப்பா வேலன். 1927-இல் மணந்தனர். கிட்டப்பா பார்ப்பனர், ஏற்கெனவே மணமானவர். 1933-இல், 27 வயதில் அவர் மறைந்தார். 25 வயதுப் பெண் வெள்ளைச் சேலை உடுத்தி, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கைம்மைக் கோலத்தை எதிர்த்தே வளர்ந்த இயக்கம் நமது. அந்த வெள்ளைச் சேலையைக் கண்டு நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் அந்த உறுதி அவரை மூலையில் முடக்கவில்லை.

1935-இல் திரைப்படத்தில் ஆண் வேடமிட்டு நந்தனாராக வந்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! எதிரே வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர், சபாக்கள் கொண்டாடிய வித்துவான். பண்ணையார் வேடத்தில் கச்சேரி மேடை, பண்ணையாள் வேடத்தில் நாடக மேடை. பாட்டில் யார் கை ஓங்கியது என்று ஊர் ஊராகப் பேச வைத்த பொருத்தம்.

கடல் கடந்தும் இதே வேலிதான். அமெரிக்காவில் ரே சார்லஸ் என்றொரு கறுப்பினப் பாடகர். ஏழு வயதில் பார்வை இழந்தவர். கறுப்பர் தேவாலயத்து உருக்கத்தோடு பாடிவந்தவர், 1962-இல் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டுகளை எடுத்துத் தன் குரலில் பாடினார். ‘உனக்கேன் அந்தப் பாட்டு?’ என்றவர்கள் உண்டு. அந்த இசைத்தட்டோ விற்பனையில் முதலிடம்!

நம் அம்மையாருக்குப் பாராட்டுகள் மெல்லத்தான் வந்தன. ‘ஔவையார்’ 1953-இல், ‘திருவிளையாடல்’ 1965-இல், ‘துணைவன்’ படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார். பட்டங்கள் கிடக்கட்டும். நாம் சொல்ல வந்தது ‘பூம்புகார்’ பற்றி.

1964-இல் வந்த அந்தப் படத்துக்குத் திரைக்கதை, வசனம் கலைஞர். கவுந்தியடிகளாக நடிக்க, காங்கிரஸ் அம்மையாரை அழைத்தார். வந்தார். கோவலன் கொலையுண்ட பின் வரும் பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதாக ஒரு வரி. ‘முருகனைப் பாடிய வாயால் இதைப் பாடமாட்டேன்’ என்ற நிலையில் அம்மையார் உறுதியாக நின்றார். பகுத்தறிவு பேசும் கழகத்தார் எடுக்கும் படம்; கேள்வியோ நாம் மேடைதோறும் கேட்பது. பாடத்தான் வேண்டுமென்று கலைஞர் வற்புறுத்தவில்லை. தெய்வம் வந்தது என்று பொருள்பட வரி மாறியது, அம்மையார் பாடினார். இன்றும் அந்தப் படத்தில் ஒலிப்பது மாற்றிய வரிதான்.