அடிக்கடி வரும் நோயும் அயலூர்ப் பெற்றோரும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், குழந்தை பாலர் பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் முதல் ஆண்டு ஒரு சோதனை ஆண்டாகவே அமைந்துவிடுகிறது. ஒரு ஜலதோஷம் நீங்குமுன் மற்றொன்று வந்து சேர்கிறது. இருமல் ஓய்ந்தால் வயிற்றுப்போக்கு தலைகாட்டுகிறது. ஊரில் இருந்தால், பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒன்றுமில்லை, கஞ்சி கொடு" என்றோ, "உடனே வைத்தியரிடம் தூக்கிச் செல்" என்றோ சொல்லியிருப்பாள். அச்சொல் அருகில் கிட்டாத இடத்தில், எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதை நாமே பகுத்தறிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

சிறு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு 6 முதல் 8 முறை ஜலதோஷம் வருவது இயல்பே. அதற்குக் காரணமான வைரஸ்கள் மிகப் பல. ரைனோவைரஸ் என்னும் இனத்தில் மட்டும் 100-க்கு மேற்பட்ட வகைகள் உள. ஒன்றை வென்ற உடல் அடுத்ததைப் புதிதாகவே எதிர்த்துப் பழக வேண்டும். ஆகவே, இது தாயின் கவனக்குறைவும் அன்று. குழந்தையின் பலவீனமும் அன்று. நோயற்ற நாட்களில் குழந்தை நன்கு உண்டு, விளையாடி, எடை கூடி வருமாயின் கவலை வேண்டா.

வைரஸ்களை ஆன்டிபயாடிக் மருந்துகள் கொல்வதில்லை. எனவே, வைத்தியர் அவற்றை எழுதித் தராவிடில் குறைபட்டுக் கொள்ளலாகாது. இருமல் மருந்துகளை 2 வயதுக்குட்பட்டோர்க்குத் தரலாகாதென்றும், 5 வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாக அவை உகந்தவையல்லவென்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஓராண்டு நிறைந்த குழந்தைக்குச் சிறிது தேன் இருமலைத் தணிக்கும். அதற்கு முன் தேன் கூடவே கூடாது. ஜுரத்திற்குத் தரும் பாரசிட்டமால் பானகம் பல வீரியங்களில் விற்கப்படுகிறது. ஆதலால், "ஒரு தேக்கரண்டி" என்று தொலைபேசியில் கேட்டு அளிக்காமல், குழந்தையின் எடைக்கேற்ற அளவை வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.

வயிற்றுப்போக்கில் ஆபத்து, உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. 1971-இல் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி அம்முறையின் வழிவந்ததே. உறையில் அச்சிட்டுள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் அதனை முழுவதும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்தலாகாது. துத்தநாக மருந்தை வைத்தியர் 14 நாட்களுக்குத் தந்தால், போக்கு நின்ற பின்னும் தொடர வேண்டும்.

இனி, தாமதிக்கலாகாத அடையாளங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவிற்கு 100.4 பாகை ஜுரம்; வலிப்பு; எதையும் பருக இயலாமை; மலத்தில் இரத்தம்; எழுப்பினும் விழிக்காத சோர்வு; மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல். குழந்தை அமைதியாயிருக்கையில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுக: 2 மாதத்திற்குள் 60, ஓராண்டுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலாயின் இரவென்றும் பாராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதற்கு முன்னேற்பாடு தேவை. குழந்தைகள் மருத்துவமனை எங்குளது, நள்ளிரவில் எவ்வண்டி கிடைக்கும் என்பதை முன்னரே விசாரித்து வைப்போம். தடுப்பூசி அட்டையும், எடை, ஜுரம், மருந்து ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்த ஏடும், மாற்றலாகும் ஊர்தோறும் நம்முடன் வரட்டும். அவ்விடத்து மொழியில் நான்கு சொற்களேனும் கற்போம். இந்தியில் 'புகார்' என்றால் காய்ச்சல். 'காம்சி' என்றால் இருமல். 'தஸ்த்' என்றால் வயிற்றுப்போக்கு. அடுத்த வீட்டாரின் நட்பும் வேண்டும். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாம் விரையும்போது, மற்றொன்றைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவரே.