கனமான பந்து கையை வளர்க்குமா, ஒடிக்குமா?

இராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது சாயல்குடி. சுற்றிலும் பனைமரங்கள். கொஞ்ச தூரத்தில் கடல்.

இராமநாதபுரம் சீமையிலும் மற்றத் தென் மாவட்டங்களிலும் ஒரு காலத்தில் வாலிபர்களின் பலத்தை அளந்து சொன்னது ஒரு கல்!

இளவட்டக்கல் என்பது அதன் பெயர். பந்து போல உருண்டையான கல். பிடித்துத் தூக்க வாட்டமான இடமே இருக்காது. அதை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். "கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண்" என்று சொன்ன ஊர்களும் உண்டு.

கனமான உருண்டையோடு பழகினால் பலம் வரும் என்பது கிராமத்தார் கண்ட வழி. அதே வழியை இன்று வேறொரு விளையாட்டிலும் கையாளுகிறார்கள். அதுதான் சாப்ட்பால்!

துடைப்பக் கழியில் பிறந்த ஆட்டம்

1887-ம் ஆண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரம். ஒரு கூடத்தில் இருந்த இளைஞர்கள், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைப் பந்து போலச் சுருட்டிக் கட்டினார்கள். துடைப்பக் கழியால் அதை அடித்து ஆடினார்கள். அந்த வேடிக்கைதான் சாப்ட்பால் ஆயிற்று.

சாப்ட்பால் என்றால் மென்மையான பந்து. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது! இன்றையப் பந்து கெட்டியானது. சுற்றளவு 12 அங்குலம். எடை சுமார் 190 கிராம். பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தூரத்தில் இருந்து, கையைக் கீழிருந்து சுழற்றி வீசுகிறார்கள். நல்ல வீச்சாக இருந்தால் அரை விநாடிக்குள் பந்து வந்துவிடும். அதற்குள் பார்த்து, மட்டையைச் சுழற்றி அடிக்க வேண்டும்.

கனம் என்ன செய்கிறது?

இந்த அடியைப் பழகத்தான் கனமான பந்து. உள்ளே மணல் போன்ற பொருளை அடைத்து, மேலே மெத்தென்ற உறை போட்டிருப்பார்கள். சுமார் 450 கிராம் எடையிலும் கிடைக்கிறது. அதாவது, ஆட்டப் பந்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

சாதாரணப் பந்தை அரைகுறையாக அடித்தாலும் கொஞ்ச தூரம் ஓடிவிடும். அடித்த பெண், "நன்றாகத்தான் அடித்தேன்" என்று நினைத்துக்கொள்வாள். கனமான பந்து அப்படி ஏமாற்றாது. மட்டையின் சரியான இடத்தில் பட்டால்தான் நேராகப் போகும். ஓரத்தில் பட்டால் கைப்பிடி அதிரும். பந்து காலடியிலேயே விழும். மணிக்கட்டு தளர்ந்தால் மட்டை பின்வாங்கும்.

ஆகவே, இந்தப் பந்து பலம் மட்டும் தருவதில்லை. தவற்றை உடனே காட்டிக்கொடுக்கிறது. அதுதான் பெரிய லாபம்.

இங்கேதான் ஆபத்து

"கனம் கூடினால் பலமும் கூடும்" என்பது பாதி உண்மைதான். பேஸ்பால் ஆட்டத்தில் களம் இறங்கும் முன், மட்டையில் கனமான வளையத்தை மாட்டிச் சுழற்றிப் பார்ப்பார்கள். கழற்றியதும் மட்டை இறகு போலத் தோன்றும். "வேகம் கூடிவிட்டது" என்று மனம் சொல்லும். ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தபோது வேகம் கூடவில்லை. சில சோதனைகளில் குறைந்தே இருந்தது!

கனமான பந்தையே நாள் முழுவதும் அடித்தால் கை மெதுவாகச் சுழலப் பழகிவிடும். முற்றாத எலும்புள்ள சிறுவர் சிறுமியரின் மணிக்கட்டும் முழங்கையும் நோகும். எனவே சில அடிகள் போதும். உடனே சாதாரணப் பந்துக்குத் திரும்ப வேண்டும். வலி கண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. கனமான பந்தை வேகமாக வீசி அடிக்கக் கூடாது. அடித்த பந்தைக் கையால் பிடிக்கவும் கூடாது. இடுப்பு உயரக் கம்பத்தின் மேல் வைத்து, எதிரே கட்டிய வலைக்குள் அடிக்க வேண்டும்.

கடலோரத்தில் வலைக்குப் பஞ்சமா?

சாயல்குடிப் பக்கத்தில் மீனவர் ஊர்கள் உண்டு. கிழிசல் இல்லாத பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாக, தொய்வாகத் தொங்கவிட்டால் பந்தைத் தாங்கிக்கொள்ளும். பந்தையும் செய்துகொள்ளலாம். கெட்டித் துணியில் இரட்டைப் பை தைத்து மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் 250 கிராம் போதும். பழகப் பழகக் கொஞ்சம் கூட்டலாம். தையல் விட்டிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது அவசியம்.

இளவட்டக்கல் வழியும் இதுதான். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் நாளில் இந்தப் போட்டி நடக்கிறது. அங்கே ஒரே கல் அல்ல. பல எடைகளில் கற்கள் கிடக்கின்றன. சிறியதைத் தூக்கிப் பழகியவர்தான் பெரியதைத் தொடுவார். பெண்களும் தூக்குகிறார்கள்!

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் சாப்ட்பால் இடம்பெறுகிறது. அதைப் பார்த்து மட்டையைத் தூக்க ஆசைப்படும் மகளிடம், "எடு, அடி" என்று சொன்னால் மட்டும் போதாது. "இன்றைக்கு இது போதும், கையை ஆற விடு" என்று சொல்லவும் வீட்டில் ஒருவர் வேண்டும்.