தேர்வு எழுத வராதவர்களின் கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஒவ்வொரு பள்ளியும் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிக்குப் பாராட்டு, குறைந்த பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். திருவள்ளூர் மாவட்டம் பல ஆண்டுகள் மாவட்டவாரித் தேர்ச்சிப் பட்டியலின் கீழ்வரிசையில் நின்றிருக்கிறது.

பள்ளிக்கு வரும் பிள்ளைகள் யார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை ஒப்பந்தத் தொழிலாளியின் மகளும், ஈழத்தமிழர் முகாமின் பிள்ளையும், வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோரச் சிறுவனும் அரசுப் பள்ளியையே நம்பி வருகிறார்கள். வீட்டிலேயே பாடம் சொல்லித்தரப் படித்த பெற்றோர் இருக்கும் ஊர்ப் பள்ளியோடு இவர்களுடைய பள்ளியை ஒரே கோலால் அளப்பது அநியாயம்.

நியாயமான அளவுமுறை இல்லாமல் இல்லை. 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் ஒன்றை உருவாக்கினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு கல்வித் திட்டத்தை வைத்து, அமெரிக்க அரசுப் பள்ளிகளில் அதைப் பரிசோதித்தார்கள். ஒத்த நிலையில் உள்ள பள்ளிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கையில் இருப்பதைக் கொண்டு அதிகம் சாதிப்பது எது என்று பார்க்கும் முறை அது. ஆசிரியர் எண்ணிக்கையோடு தாயின் படிப்பையும் பள்ளியின் வளமாகக் கணக்கில் எடுத்தார்கள். வாசிப்பு, கணிதம் இரண்டோடு பிள்ளையின் தன்மதிப்பையும் விளைவாக அளந்தார்கள். நம் ஆய்வுக் கூட்டங்களில் தாயின் படிப்பைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

ஆனால் இந்த முறையும் பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் அளக்கும். எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி. ஒன்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பெயரெடுத்த பையன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயர்கிறது! ஒரு பிள்ளையை இழந்ததற்குக் கிடைக்கும் இந்தப் பரிசை முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எனும் கல்வித் தகவல் முறைமையில் ஓர் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று அதைக் கொண்டே பள்ளிவாரியாக வெளியிடலாம்.

பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் இதே கோளாறு ஆசிரியர் நிர்ணயத்திலும் உண்டு. ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலைகளை எண்ணி, உபரி ஆசிரியரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாக் குடும்பங்கள் வேலைக்கு வந்து சேர்வதோ மழைக்காலம் முடிந்த பிறகு. அவர்களின் பிள்ளைகள் ஆகஸ்ட் கணக்கில் வருவதில்லை. சூளைகள் உள்ள ஒன்றியங்களிலாவது ஜனவரியில் இன்னொரு முறை எண்ணிவிட்டு, உபரி யார் என்று முடிவுசெய்யட்டும்.