கர்ப்பிணிகளுக்கு ஏற்படும் தோல் அரிப்பு

கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றில் அரிப்பு உண்டானால், "குழந்தைக்கு முடி முளைக்கிறது" என்று வீட்டிலுள்ள பெரியோர் கூறுவதுண்டு. உண்மையில், குழந்தையின் முடிக்கும் தாயின் அரிப்புக்கும் தொடர்பில்லை. பெரும்பாலான அரிப்பு வீட்டு முறைகளாலேயே தணியும். ஆனால் ஒருவகை அரிப்பு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதற்கு அறிகுறியாகும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவசியம்.

அரிப்பின் காரணங்கள்

வயிறு பெரிதாகும்போது தோல் விரிந்து வறட்சியடைகிறது. வியர்வையும் காரமான சோப்பும் அரிப்பை மிகுவிக்கின்றன. சிலருக்கு, பெரும்பாலும் முதற் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், வயிற்றின் வரிகளில் சிவந்த தடிப்புகள் தோன்றித் தொடைகளுக்குப் பரவும். இது மிகுந்த தொல்லை தரினும், தாய்க்கும் சேய்க்கும் தீங்கு செய்வதில்லை. பிரசவத்திற்குப்பின் சில வாரங்களில் மறைந்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. வெந்நீரைத் தவிர்த்து, இளஞ்சூடான அல்லது குளிர்ந்த நீரில் குளிக்கவேண்டும். சோப்புக்குப் பதிலாகப் பயத்தமாவைப் பயன்படுத்தலாம்.

2. குளித்தபின் ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயை மெல்லத் தடவவேண்டும்.

3. அரிக்கும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை வைக்கலாம்.

4. தளர்ந்த பருத்தி ஆடையே ஏற்றது. நகங்களைக் குறைத்து வெட்டிக்கொள்ளவேண்டும்.

வேப்பெண்ணெயையோ, பெயரறியாத பச்சிலைச் சாற்றையோ கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது. கற்பூரம் கலந்த எண்ணெயையும் தவிர்த்தல் நலம். கடைகளில் விற்கும் களிம்புகளை மருத்துவரைக் கேளாமல் பூசுதல் கூடாது.

விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரிப்பு தோன்றி, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவினால் அது சொறிசிரங்காக இருக்கலாம். கர்ப்பிணிக்குரிய மருந்தை மருத்துவரே தீர்மானிப்பார். வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற்றாலன்றி அது ஒழியாது.

அபாய அறிகுறி

தோலில் தடிப்பு ஏதுமின்றி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு தோன்றி, இரவில் மிகுமாயின் அது தோல் நோயன்று. கல்லீரலின் கோளாறாக இருக்கலாம். பித்தநீர் சரிவர வடியாமல் அதன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்வதால் இது உண்டாகிறது. சிறுநீர் கருமஞ்சளாதல், மலம் வெளுத்தல், கண் மஞ்சளித்தல் ஆகியவையும் சிலரிடம் காணப்படும். அமிலத்தின் அளவு மிகுந்தால் குறைமாதப் பிரசவம் நேரலாம்; குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். எண்ணெயும் குளியலும் இதனைத் தீர்க்கா. இரத்தப் பரிசோதனையால் நோயை அறிந்து, தாயையும் குழந்தையையும் மருத்துவர் கண்காணித்து, தக்க காலத்தில் பிரசவம் நடத்துவதே இதற்குரிய வழி. ஆகவே இத்தகைய அரிப்பு கண்டவுடன், கண் மஞ்சளிக்கட்டும் எனக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்தை அடையவேண்டும். கொப்புளம், காய்ச்சல், சீழ் ஆகியவை கண்டாலும் அவ்வாறே செய்தல்வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

பெண்கள் பலர் அரிப்பைச் சொல்லக் கூசுகின்றனர். ஆண்களோ அதைச் சிறு தொல்லையென விட்டுவிடுகின்றனர். இந்த மௌனத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நீக்க இயலும். கிராம சபைக் கூட்டங்களில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இவ்வறிகுறிகளை விளக்கச் செய்யலாம். கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் 104, 108 ஆகிய தொலைபேசி எண்களை எழுதிவைக்கச் செய்யலாம். செலவில்லாத இப்பணியால் ஒரு குழந்தையேனும் காப்பாற்றப்படுமாயின், அது நம் கிராமத்திற்கு நாம் ஆற்றிய பெருந்தொண்டாகும்.