கரிசல் விழுங்கிய காசு

பங்குனி வெயிலுக்கே கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் சடுகுடு ஆடியவர்களுக்கு அந்த வெடிப்புகளைத் தெரியும். டவுசர் பையிலிருந்து எகிறிய அஞ்சு பைசா அதற்குள் விழுந்தால் அவ்வளவுதான். விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவுவோம், அடி தட்டாது. ஐப்பசி மழை இறங்கியதும் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண் இது. என்றோ ஒரு மழைக்குப் பிறகு யார் தொலைத்த காசோ மேலே வந்து கிடக்கும். கண்டெடுத்தவனுக்கு அன்று இலந்தைவடை.

பெண் பிள்ளைகளுக்குக் காசைவிடக் கம்மல் திருகாணிதான் கவலை. அது விழுந்த அன்று சாயங்காலம் அம்மாவோ ஆச்சியோ சொளகும் சல்லடையுமாக மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். செம்மண் என்றால் சலித்துவிடலாம், கரிசல் கட்டி சல்லடையில் இறங்காது. என் வகுப்புப் பெண் ஒருத்தி காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க வந்தாள்.

பையன்களிடம் இருந்த ஒரே கருவி, உடைந்த ரேடியோ ஸ்பீக்கரில் பெயர்த்த காந்தம். அதில் பம்பர ஆணியும் சோடா மூடியும் வரும், எங்கள் சின்னக் காசு வராது. 1957-ல் வந்த நயா பைசா வெண்கலம். பின்னால் வந்த சதுர அஞ்சு பைசாவும் நெளிவிளிம்புப் பத்து பைசாவும் அலுமினியம். 1968-ன் தாமரை இருபது பைசா பித்தளை. எதையும் காந்தம் சீண்டாது. 1988-ல் வந்த எவர்சில்வர் காசு ஒட்டியது. வீட்டு எவர்சில்வர் தட்டில் ஒட்டாத காந்தம் காசில் ஒட்டுகிறதே என்று வாத்தியாரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம்.

இன்றைய மெட்டல் டிடெக்டருக்கு இந்தப் பேதமில்லை. அதன் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அந்தப் பதிலைக் கேட்டுக் கருவி கூவும். அலுமினியம், வெள்ளி, தங்கம் எதுவும் தப்பாது. அமெரிக்காவில் பழைய பள்ளி மைதானங்களில் இப்படித் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. நாம் இந்தக் கருவியைப் போலீஸ் கையில்தான் பார்த்திருக்கிறோம். இங்கே கொண்டுவந்தாலும் கரிசலே ஜெயிக்கும் என்பது என் கட்சி. ஒற்றைக் காசு ஒரு சாணுக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கருவி திணறும். எங்கள் ஊர் வெடிப்பு அதைவிட ஆழம்.

புதிதாக விழவும் அதிகமில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசாயின. மைதானத்தில் பாதிக்குப் பேவர் பிளாக் பதித்தாயிற்று. வாசல் பெட்டிக்கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. தங்கம் விற்கிற விலையில் பள்ளிக்குக் கவரிங் கம்மல் போதும் என்கிறார்கள் தாய்மார்.

மாறாதது ஒன்று உண்டு. 1878-ன் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. உரியவர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அன்று பத்து ரூபாய் பெரும் பணம். இன்று அதற்குக் கோவில்பட்டியில் இரண்டு கடலைமிட்டாய் வாங்கலாம். சட்டத்தில் தொகை இன்னும் அதே பத்து ரூபாய்தான்.